வடசென்னையில் எத்தனை மணிக்கு எதைச் சாப்பிடுவது

அண்ணா நகர், தாம்பரம் பக்கமிருந்து யாராவது போன் செய்தால் கேட்பது ஒரே கேள்விதான்: "உங்க ஏரியாவுல நல்ல கடை எது?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "எத்தனை மணிக்கு வருவீங்க?"

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரி. பாரிமுனையில் சரக்கு கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். காலை டிபன் வீட்டில், மதியம் டப்பா என்று ஒழுங்காக இருந்திருக்க வேண்டியவள்தான். ஆனால் லிங்கிச் செட்டித் தெருவிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒரு அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. என்னதான் செய்வது?

இங்கே ருசியான கடைகளில் பாதி, நாள் முழுக்க இருக்காது. காலையில் ஆப்பக் கடை இருந்த இடத்தில் மதியம் செருப்பு விற்பார்கள், இரவில் அதே இடத்தில் சூப் வண்டி நிற்கும். வீடியோவில் பார்த்துவிட்டு மதியம் நாலு மணிக்கு வந்து, "பேரைத்தான் பெருசா சொல்றாங்க, ஒண்ணுமில்லையே" என்று திரும்புகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நாலு மணிக்கு இங்கே டீயும் பஜ்ஜியும்தான். அதனால் கடைப் பட்டியல் வேண்டாம், மணிக் கணக்கு சொல்கிறேன்.

காலை ஆறிலிருந்து எட்டரை

ராயபுரம் கல்மண்டபம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை சந்துகளில் வீட்டு வாசலிலேயே அடுப்பு வைத்து ஆப்பமும் இட்லியும் போடுகிற அக்காக்கள் இருக்கிறார்கள். பெயர்ப் பலகை கிடையாது. தெருவில் தூக்குவாளியோடு யாராவது போனால் பின்னாலேயே போங்கள், கடை வந்துவிடும். எட்டரைக்குப் போனால் மாவுச் சட்டியைக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால், இட்லிக்கு வடகறி. சில இடங்களில் முதல் நாள் மீன் குழம்பு கிடைக்கும், கேட்டால்தான் வரும். வடகறியில் இரண்டு வகை உண்டு. கடலைப்பருப்பை அன்றே கரகரப்பாக அரைத்து, ஆவியில் வேகவைத்து உதிர்த்துப் போட்டது ஒன்று. துண்டு மெத்தென்று இருக்கும், சோம்பு வாசனை முன்னால் வரும், குழம்பு துண்டுக்குள் ஊறியிருக்கும். இன்னொன்று, முந்தைய நாள் மிஞ்சிய மசால் வடையைப் பிய்த்துப் போடுவது. ஓரங்கள் கருத்திருக்கும், எண்ணெய் மேலே தனியாக நிற்கும். முதல் வகைதான் வயிற்றுக்கு நல்லது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், அது வேறு கதை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மண்ணடிப் பக்கம் ஆட்டுக்கால் பாயாவும் இடியாப்பமும். பாயா சரியாக வெந்திருக்கிறதா என்று பார்க்க நாக்கு வேண்டாம், உதடு போதும். இரண்டு வாய் குடித்ததும் உதடு ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் அது கால் போட்ட சால்னா, அவ்வளவுதான். ரம்ஜான் மாதத்தில் இதே தெருக்களின் கணக்கே மாறிவிடும். காலையில் அமைதியாக இருக்கும், நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் கஞ்சி, சமோசா என்று களைகட்டி விடிய விடிய ஓடும். அந்த மாதம் மட்டும் காலைத் திட்டத்தை இரவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டிலிருந்து இரண்டு: அண்டா திறக்கும் நேரம்

பிரியாணிக்கு மற்ற எதையும்விட நேரம் முக்கியம். பெரம்பூர், புளியந்தோப்பு, வியாசர்பாடி என்று எந்தப் பக்கம் போனாலும் நல்ல கடையில் தம் உடைப்பது மதியம் பன்னிரண்டை ஒட்டித்தான். அரிசியை முக்கால் பதம் வேகவைத்து வடித்து, கறி மசாலாவின் மேல் போட்டு, மூடியின் மேல் நெருப்புத் துண்டுகளைப் பரப்பி விடுவார்கள். திறந்ததும் முதல் ஆளாகத் தட்டை நீட்டாதீர்கள். மேலே இருப்பது வெறும் சோறு, மசாலா எல்லாம் அடியில் இருக்கும். மாஸ்டர் ஓரத்திலிருந்து தட்டைச் செருகிப் புரட்டி, அடியும் மேலும் கலந்த பிறகு வாங்குவதுதான் சரி. பத்து நிமிஷம் பொறுத்தால் போதும்.

மூன்று மணிக்கு மேல் அடி அண்டாவில் எண்ணெயும் உடைந்த கறியும்தான் தங்கும். நேரமாகிவிட்டதென்றால் நான் குஸ்கா கேட்பேன். பீஸ் போன பிறகும் மசாலா அந்தச் சோற்றில்தான் இருக்கிறது, விலையும் குறைவு. நாள் முழுக்க சிக்கன் பிரியாணி போடுகிற கடைகளில் அடியில் சிறு தீ எரிந்துகொண்டே இருக்கும். அங்கே மாலையில் அரிசி நீளமாக இருக்காது, நொய்யாகியிருக்கும். மூடியைத் தூக்கும்போது ஆவி வருகிறதா, பருக்கை முழுசாக இருக்கிறதா, இரண்டையும் தட்டில் விழும் முன்பே பார்த்துவிடலாம்.

வடசென்னையில் மாட்டுக்கறி பிரியாணி பரவலாகக் கிடைக்கும், பலகையிலேயே எழுதியிருப்பார்கள். சாப்பிடுகிறவர் என்றால் தவறவிடாதீர்கள். கறி மெல்ல மெல்ல வெந்து மசாலாவில் ஊறிய விதத்தில் பல மட்டன் பிரியாணிகளை அது தூக்கிச் சாப்பிடும். சாப்பிடாதவர் என்றால் ஆர்டர் பண்ணும் முன்பே வாய்விட்டுக் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தயங்கி நின்று, தட்டு வந்த பிறகு முகம் சுளிப்பதுதான் அசிங்கம்.

ஆபீஸ் விருந்துக்குக் கிலோக் கணக்கில் சொல்லும்போது ஒரு விஷயம். "ஒரு கிலோ பிரியாணி" என்றால் பொதுவாக ஒரு கிலோ அரிசி போட்டுச் செய்தது என்று பொருள், வெந்த பிறகான எடை அல்ல. ஆனால் அந்தக் கிலோவுக்கு எவ்வளவு கறி என்பது கடைக்குக் கடை மாறும். ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறியா, முக்கால் கிலோவா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விலை ஒப்பிடும்போது இதை விட்டுவிட்டு, "அந்தக் கடையில் முந்நூறு ரூபாய் கம்மி" என்று சொல்கிறவர்களிடம் எங்கள் மேனேஜர் உட்பட யாரிடமும் நான் வாதாடுவதில்லை.

மாலை ஐந்தரைக்கு மேல்: சௌகார்பேட்டை

ஞாயிறு வேண்டாம், பாதிக் கடைகள் மூடியிருக்கும். காரும் வேண்டாம். மெட்ரோவில் உயர் நீதிமன்றம் அல்லது மண்ணடி ஸ்டேஷனில் இறங்கி என்.எஸ்.சி. போஸ் சாலை வழியாக நடந்து தங்கசாலைத் தெருவுக்குள் நுழையுங்கள். சைக்கிள் ரிக்‌ஷா, பைக், மாடு, பூக்கூடை எல்லாம் ஒரே நேரத்தில் வரும். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

இங்கே எல்லாரும் செய்வது, முதல் கடையிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்வது. இரண்டு பேருக்கு ஒரு தட்டு, அதற்கு மேல் எங்கேயும் வாங்காதீர்கள். காரம் முதலில், இனிப்பு பிறகு, பால் கடைசியில். நாவல்டி டீ ஹவுஸில் பாவ் பாஜி, பிறகு தெருவில் முறுக்கு சாண்ட்விச், காக்கடா ராம்பிரசாத்தில் ஜிலேபி, அங்கேயே சுடச்சுட பாதாம் பால் என்பது என் வழி. ஜிலேபியைத் தட்டில் அடுக்கி வைத்திருப்பதிலிருந்து வாங்காமல், கடாயிலிருந்து பாகுக்குப் போய் வெளியே வருகிற தருணத்தில் வாங்குங்கள். கடித்தால் முதலில் நொறுங்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பாகு வர வேண்டும்.

முறுக்கு சாண்ட்விச் தெரியாதவர்களுக்கு: சின்ன முறுக்கு ஒன்று, மேலே பச்சைச் சட்னி, வெள்ளரி, தக்காளி, வெங்காய வட்டங்கள், துருவிய சீஸ், அதன் மேல் இன்னொரு முறுக்கு. போட்டோ எடுக்க நின்றால் நமுத்துவிடும். கையில் வந்தவுடன் வாய்க்குப் போக வேண்டிய பொருள். வெங்காயம், பூண்டு வேண்டாம் என்கிறவர்கள் "ஜெயின்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தனியாகச் செய்து தருவார்கள். இந்த ஒரு விஷயத்தில் சென்னையில் சௌகார்பேட்டைக்கு நிகரில்லை.

வட இந்தியத் தீனி அலுத்துப்போனால் என்.எஸ்.சி. போஸ் சாலையிலேயே சீனா பாய் டிபன் சென்டர். சாயங்காலம்தான் திறப்பார்கள். இட்லியும் ஊத்தப்பமும், அவற்றின் மேல் பொடியும் நெய்யும். நெய் ஊற்றுகிற கையைப் பார்த்தால் கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மயக்கம் வரும். என் நாத்தனாரை அங்கே கூட்டிப்போனேன். "போதும்ணா, போதும்ணா" என்று தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருந்தவர், கடைசியில் இட்லி தீர்ந்த தட்டில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஆறிலிருந்து ஒன்பது: அத்தோ

அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸுக்குத்தான் நான் நேரம் எடுத்துச் சொல்வேன். வெளியூர்க்காரர்கள் தப்பும் தவறுமாகச் சாப்பிட்டுவிட்டு, "ஆறிப்போன நூடுல்ஸ்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

பர்மாவில் 1962-இல் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது, தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் ஏராளமானோர் கப்பலேறித் திரும்பினார்கள். அவர்கள் பிழைப்புக்காக 1969-இல் துறைமுகத்துக்கு எதிரே வந்ததுதான் பர்மா பஜார். வியாசர்பாடிப் பக்கம் குடியமர்ந்தவர்களும் உண்டு. அவர்களோடு வந்த சாப்பாடு இது. பீச் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே, பஜாருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது கடற்கரைச் சாலையில், ஆபீஸ்கள் ஷட்டர் இறக்கும் நேரத்தில் வண்டிகள் வரிசை கட்டும்.

அத்தோ சூடாக இருக்காது. வேகவைத்து ஆறவைத்த ஆரஞ்சு நிற நூடுல்ஸ்தான் அது, அப்படித்தான் இருக்க வேண்டும். மாஸ்டர் ஒரு கிண்ணத்தில் ஒரு கை நூடுல்ஸ் போடுவார். இழையாக நறுக்கிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், கொத்தமல்லி. பேஜோ என்கிற தட்டை போன்ற மொறுமொறு வில்லையை உள்ளங்கையில் வைத்து நொறுக்கித் தூவுவார். பொரித்த பூண்டு, அந்தப் பூண்டு பொரிந்த எண்ணெய், புளித் தண்ணீர், உப்பு, இடித்த மிளகாய். எலுமிச்சையை ஒரு பிழி. அதற்குப் பிறகு கரண்டி கிடையாது, விரல்தான். கீழிருந்து மேலாக நாலைந்து தரம் அள்ளிப் போட்டதும் ஒவ்வொரு இழையிலும் எண்ணெய் ஏறிப் பளபளக்கும். அந்தக் கை கிண்ணத்துக்குள் போகும் முன்பே காரமும் புளியும் எவ்வளவு என்று சொல்லிவிட வேண்டும். "காரம் மீடியம், புளி தூக்கலா" என்பது என் அளவு. கலந்த பிறகு கூடுதல் புளி கேட்டால் ஊற்றுவார்கள், ஆனால் அது அடியில்தான் தேங்கும்.

கூடவே வாழைத்தண்டு சூப் வரும். மஞ்சள் நிறத்தில், கொஞ்சம் கொழகொழவென்று, மிளகுக் காரத்தோடு இருக்கும். அத்தோ ஒரு வாய், சூப் ஒரு மடக்கு. ஆறியதும் சூடானதும் மாறி மாறிப் போகும்போதுதான் இதன் ருசியே தெரியும். சூப்பை முதலிலேயே குடித்துவிட்டு நூடுல்ஸை மட்டும் மெல்லுகிறவர்கள்தான் குறை சொல்கிறவர்கள். சூப்பை மறுபடி கேட்கலாம், பல வண்டிகளில் காசு வாங்க மாட்டார்கள். நூடுல்ஸை அந்த சூப்பிலேயே போட்டுக் கேட்டால் அதற்குப் பெயர் மொய்ங்கா. பர்மாவில் மீன் போட்டுச் செய்வது, இங்கே பெரும்பாலும் சைவம். மழை நாளில் பச்சை முட்டைக்கோஸும் வெங்காயமும் வேண்டாம் என்று நினைத்தால் மொய்ங்கா நல்ல வழி, கொதிக்கக் கொதிக்க வரும்.

முட்டை மசாலாவை விட்டுவிட்டு வராதீர்கள். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயம், பூண்டு, மிளகாய், ஒரு சொட்டு புளி, ஒரு சொட்டு எண்ணெய் வைத்துக் கையில் கொடுப்பார்கள். முழுசாக வாயில் போட வேண்டும். பாதி கடித்தால் மீதி சட்டையில்தான். முட்டை தொடாதவர்கள், முட்டை கீறுகிற கையும் அத்தோ கலக்கிற கையும் ஒன்றுதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வண்டி என்று எப்படி முடிவு செய்வது? கூட்டத்தைப் பார்ப்பதைவிடப் பேஜோவைப் பார்ப்பது நல்லது. ஒன்றை மட்டும் வாங்கி உடைத்துப் பாருங்கள். காறல் வாசனை இல்லாமல் சத்தத்தோடு உடைந்தால் எண்ணெய் புதுசு, தைரியமாக உட்காரலாம். உட்கார என்றால் பிளாஸ்டிக் ஸ்டூல் கிடைத்தால். பெண்கள் தனியாக வந்து நின்று சாப்பிடுவது இங்கே சாதாரணம், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நானே ஆபீஸ் முடிந்து அப்படித்தான் போகிறேன். ஆனால் பத்து மணிக்கு மேல் அந்தத் தெரு சட்டென்று வெறிச்சோடிவிடும், அதற்குள் மெட்ரோவைப் பிடித்துவிடுங்கள்.

மீனுக்கு மட்டும் நாள்காட்டி

காசிமேட்டில் பொரித்த மீன் சாப்பிட வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. கடிகாரத்தோடு நாள்காட்டியையும் பாருங்கள். இந்தக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். சின்ன ஃபைபர் படகுகள் போகும், மீன் கொஞ்சமாக வரும், விலை ஏறும். வெளியூரிலிருந்து ஐஸில் வருகிற மீன்தான் அப்போது கல்லில் அதிகம் விழும். நல்ல கோடையில் குடும்பத்தோடு வந்து, "காசிமேட்டுக்கே வந்தும் மீன் சரியில்லை" என்பவர்களுக்கு இந்தத் தேதிகள் தெரிந்திருந்தால் போதும்.

தடைக்காலம் முடிந்த பிறகு, ஞாயிறு தவிர்த்து ஒரு வார நாள் விடியற்காலையில் போங்கள். ஏலம் முடிகிற நேரத்தில் சில்லறையாக வாங்கலாம். பக்கத்திலேயே பெண்கள் அரிவாள்மணையோடு உட்கார்ந்து கூலிக்குச் சுத்தம் செய்து தருவார்கள். அங்கேயே சாப்பிட நினைத்தால், வஞ்சிரத்தைக் கேட்காதீர்கள் என்பேன். வஞ்சிரம் துண்டாக வரும், தலையும் கண்ணும் உங்கள் பார்வைக்கு வராது, அதன் வயது அதற்கே தெரியாது. சங்கராவும் கானாங்கெளுத்தியும் முழுசாகப் பொரிபடும். கண் குழி விழுந்திருக்கிறதா, வயிறு உடைந்திருக்கிறதா என்று மசாலா தடவியிருந்தாலும் தெரிந்துவிடும். விலையும் பாதிதான். நல்ல மீன் முள்ளை விட்டு இதழ் இதழாகப் பிரியும். மாவு மாதிரி குழைந்தால் அது ஐஸில் நாள் கழித்தது.

கல்லில் ஏற்கெனவே பாதி பொரித்து அடுக்கி வைத்திருப்பதை மறுபடி எண்ணெயில் காட்டித் தருவது இங்கே வழக்கம். "அக்கா, புதுசா போட்டுக் குடுங்க, வெயிட் பண்றேன்" என்றால் செய்துகொடுப்பார்கள். மசாலா ரொம்பச் சிவப்பாக இருந்தால் மிளகாயை நம்பாதீர்கள், கலர்ப் பொடிதான்.

பில்லைப் படியுங்கள்

குடும்பத்தோடு ஏசி ஹோட்டலுக்குப் போகிற நாளும் வரும். சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அங்கே எனக்கு அதிகமில்லை, பில்லைப் பற்றிச் சொல்கிறேன். பெரும்பாலான உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம், மத்திய அரசுக்கு இரண்டரை, மாநிலத்துக்கு இரண்டரை என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். வரி வாங்குகிற ஹோட்டலின் பில்லில் 15 இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும், தமிழ்நாடு என்றால் 33-இல் தொடங்கும். காம்போசிஷன் என்கிற எளிய வரித் திட்டத்தில் இருக்கிற சின்ன ஹோட்டல்கள் தங்கள் கையிலிருந்து வரி கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது. சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக ஒரு தொகை போட்டிருந்தால் அது கட்டாயமில்லை, எடுக்கச் சொல்லலாம்.

எங்கள் வீட்டுக்காரர் பிறந்தநாளுக்குப் போன ஒரு ஹோட்டலில் பதிவு எண்ணே இல்லாத பில்லில் வரி மட்டும் அழகாக ஏறியிருந்தது. எண் எங்கே என்று கல்லாவில் கேட்டேன். கேஷியர் உள்ளே போய், வெளியே வந்து, "சாஃப்ட்வேர் மிஸ்டேக் மேடம்" என்று வரியை அடித்துவிட்டு வேறு பில் கொடுத்தார். வீட்டுக்காரர் அதற்குள் வாசலுக்குப் போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார், என்னோடு வந்தவர் மாதிரியே காட்டிக்கொள்ளாமல்.

வண்டிக் கடைகளில் இந்தத் தொல்லை இல்லை. எல்லா வண்டியிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. ஆனால் கூட்ட நேரத்தில் பர்மா பஜார் பக்கம் நெட் சுற்றிக்கொண்டே இருக்கும், பின்னால் நிற்கிறவர் முறைப்பார். பத்து, இருபது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.